பெரிய சிலந்தியின் புதுச் சட்டை

ஆனி பிறந்து, மேற்கே மலைமேல் மேகம் கட்டி, தென்காசிக் கடைவீதியில் குளிர்ந்த காற்று வீசத் தொடங்கிவிட்டால் போதும். எந்தெந்த ஊரிலிருந்தோ ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். பேரருவியில் தலையைக் கொடுத்து நிற்பதும், ஐந்தருவியில் எந்தக் கிளையில் கூட்டம் குறைவு என்று பார்ப்பதும், திரும்பும்போது மங்குஸ்தானுக்கும் ரம்புட்டானுக்கும் பேரம் பேசுவதுமாக நாட்கள் ஓடிவிடும். எண்ணெய்த் தலையும் ஈரப் புடவையுமாக நாம் அறைக்குத் திரும்பும் அந்தி நேரத்தில், மலைப் பக்கத்துப் பழைய மரங்களில் வேறொரு குடும்பஸ்திரீ கண் விழிக்கிறாள். அவளுக்கு எட்டுக் கண், எட்டுக் கால். விரித்த உள்ளங்கை அகலத்துக்கு உடம்பெல்லாம் ரோமம்.

ஐயோ, சிலந்தியா என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்! அவள் உங்களைத் தேடி வரப்போவதில்லை. டாரன்டுலா என்று உலகம் முழுவதும் அழைக்கப்படும் பெரிய சிலந்தி இனத்தைச் சேர்ந்தவள் அவள். அவள் சாப்பிடும் விதமும், சாப்பிடாமல் இருக்கும் விதமும், பழைய சட்டையைக் கழற்றிப் புதுச் சட்டை போடும் விதமும் கதை போல் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டால், பயத்தில் விளக்குமாற்றை ஓங்கும் கை ஒரு நிமிஷம் தயங்கும்.

பெயர் வந்த கதை

இத்தாலியின் தெற்கே தாரந்தோ என்று ஒரு துறைமுகப் பட்டணம். அங்கே வயல் வேலை செய்பவர்களைச் சிலந்தி கடித்தால் சித்தம் கலங்கிவிடும் என்றும், வாத்தியம் முழங்க வெறிகொண்டு ஆடினால்தான் விஷம் இறங்கும் என்றும் ஒரு காலத்தில் நம்பினார்கள். அந்த ஆட்டத்துக்குத் 'தாரன்தெல்லா' என்று பெயர். சிலந்திக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த இத்தாலியச் சிலந்தி வேறு ஜாதி. ஐரோப்பியர் கடல் கடந்து போய் அமெரிக்கக் காடுகளில் பெரிய ரோமச் சிலந்திகளைக் கண்டபோது, தெரிந்த பெயரை அவற்றுக்குச் சூட்டிவிட்டார்கள். இப்போது அந்தப் பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன.

இவற்றை உலகத்துக்குப் படம் போட்டுக் காட்டிய பெருமை ஒரு பெண்மணிக்கு உண்டு. ஜெர்மனியில் பிறந்த மரியா சிபில்லா மேரியான், தம் மகளையும் அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவில் உள்ள சூரினாமுக்குக் கப்பலேறினார். பெண்கள் தனியே பிரயாணம் செய்வதே அபூர்வமாக இருந்த காலம் அது. பூச்சிகளைப் பிடித்து, வளர்த்து, ஆகாரம் கொடுத்து, மாறுவதைக் கவனித்து வரைந்தார். 1705-ல் வெளியான அவருடைய நூலில் கொய்யா மரத்தின் மீது ஒரு பெரிய சிலந்தி சின்னப் பறவையைப் பிடித்திருக்கும் படம் இருக்கிறது. 'சிலந்தியாவது, பறவையைத் தின்பதாவது, பெண் பிள்ளையின் கற்பனை!' என்று பண்டிதர்கள் பலர் ஒதுக்கினார்கள். 1863-ல் ஹென்றி பேட்ஸ் என்ற ஆங்கிலேயர், அமேசான் காட்டில் அப்படிப்பட்ட காட்சியை நேரில் கண்டதாக எழுதினார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாளின் சொல்லுக்கு மதிப்பு வந்தது.

நம் மலையில் உள்ளவள்

அமெரிக்காவுக்குப் போவானேன்? நம் தேசத்திலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் ஒரு கூட்டம் இருக்கிறது. சாஸ்திரப் பெயர் பூசிலோத்தேரியா. மரப் பொந்தில் வாசம். சாம்பலும் வெள்ளையும் கறுப்பும் கலந்து, பின்னல் ஊசியால் போட்ட லேஸ் வேலை போல முதுகில் கோலம். மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டால் பட்டை எது, பூச்சி எது என்று தெரியாது.

லண்டன் மியூசியத்தில் வேலை பார்த்த ரெஜினால்ட் போகாக் என்பவர் இந்த வகைகள் பலவற்றை வர்ணித்துப் பெயரிட்டவர். 1899-ல் அவர் திருவிதாங்கூரிலிருந்து வந்த ஒரு சிலந்தியை வர்ணித்தார். அன்றைய திருவிதாங்கூர் என்பது நமக்கு வெகு தூரமல்ல. குற்றாலத்துக்கு அடுத்த செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரையில் அந்தப் பக்கத்து எல்லையில்தான் இருந்தது. ராஜ்யங்களுக்குத்தான் எல்லைக்கல், மலைக்கும் மரத்துக்கும் சிலந்திக்கும் அதெல்லாம் ஏது?

அதே 1899-ல் போகாக்கிடம் வந்த இன்னொரு சிலந்தி, குண்டக்கல் பக்கத்தில் உள்ள கூட்டி என்ற ஊரின் ரயில்வே மரக் கிடங்கில் அகப்பட்டது. கண்ணைப் பறிக்கும் நீல நிறம்! சாயத்தால் வந்த நீலமல்ல அது. ரோமத்தின் மிக நுட்பமான அமைப்பில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால் வரும் நீலம். அந்த ஒன்றுக்குப் பிறகு நூறு ஆண்டு வரை இன்னொன்று யார் கண்ணிலும் படவில்லை. மரக்கட்டையோடு ரயிலேறி வந்த பிரயாணியாக இருக்கும் என்று நினைத்தார்கள். பிறகு ஆந்திரத்தில் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையே உள்ள காட்டில் அதன் சொந்த வீடு தெரியவந்தது.

ராமேசுவரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அங்கே புளிய மரங்களில் வாழும் ஒரு வகைக்கு, அது கிடைத்த இடத்துக் கோயிலான அனுமவிலாசத்தின் பெயரையே 2004-ல் சூட்டினார்கள். அது அடியோடு அழியும் தறுவாயில் இருப்பதாக 2008-ல் உலகப் பட்டியலில் சேர்த்தும் விட்டார்கள். பழைய புளிய மரம் ஒன்றை வெட்டினால் நமக்கு விறகு போயிற்று, நிழல் போயிற்று. அதற்கோ வீடே போயிற்று.

சாப்பாட்டு முறை

சிலந்தி என்றதும் வலை பின்னி உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறோம். இவள் வலை விரிப்பதில்லை. நூல் உண்டு, ஆனால் அதைக் கொண்டு பொந்தின் உட்சுவருக்குப் பட்டுத் திரை போடுகிறாள். இரவானால் வாசலில் வந்து, முன்கால்களை நீட்டிச் சும்மா உட்கார்ந்திருப்பாள். கண் எட்டு இருந்தும் பார்வை மந்தம். ரோமம்தான் அவளுக்குக் காது, மூக்கு எல்லாம். ஒரு கரப்பான் மரப்பட்டையில் நடந்தால் அந்த மெல்லிய அதிர்வு கால் ரோமத்தில் தெரிந்துவிடும். ஒரே பாய்ச்சல்! பாய்ந்ததைக் காண்பது அரிது. முதலில் வாசலில் இருந்தாள், அடுத்த கணம் வாயில் பூச்சி இருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுச் சிலந்தியின் பற்கள் இடுக்கி போல இரு பக்கமிருந்து சேரும். இவளுடைய இரண்டு பற்களும் இரண்டு கடப்பாறைகள் போல மேலிருந்து கீழே இறங்கும். கடித்து விஷம் ஏற்றியதும் இரை அடங்கிவிடும். மெல்லுவதற்கு இவளுக்கு வாயில் வசதி இல்லை. வயிற்றிலிருந்து ஜீரண நீரை இரையின் மேல் விட்டு, கசக்கிப் பிசைந்து, கரைந்ததை உறிஞ்சுகிறாள். நாம் வயிற்றுக்குள் செய்யும் காரியத்தை அவள் வெளியிலேயே முடித்துவிடுகிறாள். சக்கையை ஓர் உருண்டையாக்கிப் போட்டுவிடுவாள்.

மெனு என்ன? கரப்பான், வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, விட்டில், வண்டு. பெரியவளாக இருந்தால் எப்போதாவது ஒரு பல்லி. நம் சமையலறையில் வேண்டாம் என்று நாம் மருந்து தெளிக்கிற ஆசாமிகள் பலர் இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனித்தீர்களா?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தச் சிலந்திகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்ப்பவர்கள் ஏராளம். அவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம், சிலந்திக்கு மூன்று வேளைச் சாப்பாடு கிடையாது என்பதுதான். குஞ்சுக்கு வாரத்துக்கு இரண்டு தடவை சின்னஞ்சிறு பூச்சி போதும். வளர்ந்தவளுக்கு வாரத்துக்கோ, பத்துப் பதினைந்து நாளுக்கோ ஒரு பூச்சி. இரை அவளுடைய வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. தின்னாத பூச்சியை மறுநாளே எடுத்துவிட வேண்டும். ஆகாரம் தவறினாலும் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் தவறக்கூடாது. குழந்தை மெலிந்துவிட்டதே என்று ஊட்டி ஊட்டிப் பழகிய நம் கைக்கு இந்தக் கணக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இவளுக்கு அதிகமாக ஊட்டுவது அன்பாகாது. வயிறு பருத்துவிட்டால், சிறிய உயரத்திலிருந்து விழுந்தாலும் அது வெடித்து உயிர் போய்விடக்கூடும்.

உண்ணாவிரதம்

இனிதான் விஷயம். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று ஒரு நாள் நிறுத்திவிடுவாள். முன்னால் பூச்சியை விட்டால் விலகிப் போவாள். வாரக்கணக்கில் இப்படி, பெரியவளாக இருந்தால் மாதக்கணக்கிலும் நீளலாம். நிறம் மங்கும். வயிறு கறுத்துப் பளபளக்கும். பொந்தின் வாசலைப் பட்டால் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவாள்.

புதிதாக வளர்ப்பவர்கள் இந்தக் கட்டத்தில் பதறிப்போவார்கள். நோயோ, ஆகாரம் பிடிக்கவில்லையோ என்று விதவிதமான பூச்சிகளைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அனுபவசாலிகள் பேசாமல் இருப்பார்கள். அவள் விரதம் இருக்கிறாள். விரதம் முடிந்தால் புதுச் சட்டை வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சட்டை ஏன் மாற்ற வேண்டும்? நமக்கு எலும்பு உள்ளே, சதை வெளியே. சிலந்திக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் கரப்பானுக்கும் உள்ளே எலும்பில்லை. மேலே உள்ள ஓடுதான் அவற்றுக்கு எலும்பும் தோலும் கவசமும். அந்த ஓடு வளராது. உடம்பு வளர்ந்தால், போன தீபாவளிக்குத் தைத்த பாவாடை இந்தத் தீபாவளிக்குப் போதாமல் போகிற கதைதான். ஓரத்தைப் பிரித்து விட வழியில்லை. கழற்றிப் போட்டுப் புதிது போடுவதுதான் ஒரே வழி. உங்கள் வீட்டில் எப்போதாவது தும்பைப் பூப்போல் வெளுத்த கரப்பானைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு ஜாதிக் கரப்பான் அல்ல. சற்று முன்புதான் பழைய சட்டையைக் கழற்றியது. சில மணி நேரத்தில் பழுப்பு நிறம் ஏறிவிடும்.

புதுச் சட்டை வருகிற இரவு

பழைய ஓட்டுக்கு அடியில் பல நாட்களாகப் புது ஓடு தயாராகிறது. மெல்லியதாக, மடிப்பு மடிப்பாக, ரோமம் முதற்கொண்டு முளைத்து, அங்கேயே படிந்து கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம் ஊறி, பழையதின் உட்புறத்தைக் கரைக்கிறது. கரைந்த சத்து வீணாவதில்லை. உடம்பே திரும்ப வாங்கிக்கொள்கிறது. கெட்டிக்காரக் குடும்பப் பெண் கிழிந்த புடவையில் இன்னும் எதைத் தைக்கலாம் என்று பார்க்கிற மாதிரி!

நாள் வந்ததும் அவள் பட்டு நூலால் ஒரு மெத்தை நெய்கிறாள். பிறகு மெள்ளப் புரண்டு, அந்த மெத்தையில் மல்லாந்து படுக்கிறாள். சில மரச் சிலந்திகள் பொந்துக்குள் சாய்ந்தபடியே காரியத்தை முடித்துக்கொள்வதும் உண்டு. இருதயம் வேகமாக அடிக்கிறது. சிலந்தியின் ரத்தத்தில் செம்பு கலந்திருப்பதால் அது சிவப்பல்ல, இளநீலம். அந்த ரத்தம் வயிற்றுப் பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. அழுத்தம் தாங்காமல், முதுகோட்டின் ஓரம் பிளந்து, டப்பாவின் மூடி போல் கழன்று எழும்புகிறது. அடுத்து வயிற்றுத் தோல் விலகுகிறது.

கடைசியில் வருவது கஷ்டமான வேலை, கால்களை உருவுவது. சின்னதாகிப்போன வளையலைச் சோப்பு நுரை தடவிக் கழற்றுவீர்களே, அதைப் போல. அங்கே சோப்பு நுரைக்குப் பதில் அந்தத் திரவம். எட்டுக் கால்கள்; வாயருகே கை போல் இருக்கும் இரண்டு உறுப்புகள். ஆக, பத்துக் கையுறைகளை ஒரே சமயத்தில் உருவ வேண்டும். இழுக்கிறாள், ஓய்கிறாள், மறுபடி இழுக்கிறாள். குஞ்சு கொஞ்ச நேரத்தில் முடித்துவிடும். பெரியவளுக்கு மணிக்கணக்கில் ஆகும்.

கழற்றுவது மேல் சட்டை மட்டும் என்று நினைக்காதீர்கள். பற்களும் புதிது. வாயின் உட்தோல், உறிஞ்சும் வயிற்றின் உட்தோல், மூச்சு விடும் பைகளின் உட்தோல் எல்லாமே பழைய சட்டையோடு வந்துவிடுகின்றன. முன்பு எங்காவது ஒரு கால் ஒடிந்து போயிருந்தால், இப்போது அந்த இடத்தில் சின்னதாக ஒரு புதுக் கால் இருக்கும். இன்னும் இரண்டு மூன்று சட்டை மாற்றினால் அதுவும் மற்றவற்றுக்குச் சமமாகிவிடும்.

வெளியே வந்தவள் பார்க்க அழகாக இருப்பாள். கோலமெல்லாம் புதுச் சாயம் போட்டது போல் பளிச்சென்று தெரியும். ஆனால் பச்சைப் பிள்ளை மாதிரி பலவீனம். பற்கள் முதலில் வெள்ளை; பிறகு சிவக்கும்; கறுத்துக் கெட்டியாகச் சில நாள் ஆகும். அதுவரையில் கடிக்க முடியாது, தின்ன முடியாது. இந்தச் சமயத்தில் பக்கத்தில் ஒரு சுவர்க்கோழி உயிரோடு இருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். நேற்று வரை இரையாக இருந்த பூச்சி, இன்று மெத்தென்று கிடக்கும் எஜமானியைக் கடித்துக் குதறிவிடும். பாவம், பட்டினி கிடக்கிறதே என்று பெட்டிக்குள் பூச்சியை விட்டுவிட்டுத் தூங்கப் போன எத்தனையோ அன்பர்கள், காலையில் சிலந்தியை இழந்திருக்கிறார்கள். பெரியவள் சட்டை மாற்றியபின் ஒரு வாரம், இரண்டு வாரம் பொறுத்துத்தான் ஆகாரம் வைக்க வேண்டும்.

காற்றில் ஈரம் வேண்டும் என்பதும் முக்கியம். உலர்ந்த பெட்டியில் பழைய ஓடு ஒட்டிக்கொண்டு கழலாமல், பாதியிலேயே உயிர் போவதுண்டு. வளர்ப்பவர்கள் தண்ணீர் தெளித்துத் தெளித்து உண்டாக்கப் பார்க்கிற அந்தக் குளிர்ந்த ஈரத்தை, குற்றாலத்துச் சாரல் கேட்காமலே கொடுக்கிறது.

செத்துவிட்டதா, சட்டை மாற்றுகிறதா?

மல்லாந்து கிடக்கும் சிலந்தியைப் பார்த்தால் யாருக்கும் செத்துவிட்டது என்றுதான் தோன்றும். முறத்தில் வாரி வெளியே போடுவோம். அங்கேதான் தவறு நேர்கிறது. அடையாளம் சுலபம், மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

சிலந்தியின் காலை மடக்கத் தசை உண்டு; நீட்டுவது பெரும்பாலும் ரத்த அழுத்தத்தால்தான். ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டால் அது விறைத்து நிமிர்கிறதல்லவா, அதே தத்துவம். உயிர் போனால் அழுத்தம் போயிற்று. ஆகவே செத்த சிலந்தி பெரும்பாலும் நிமிர்ந்த வாக்கிலேயே, கால்களெல்லாம் உடம்புக்கு அடியில் சுருண்டு, மூடிய கை போல் கிடக்கும். சட்டை மாற்றுகிறவளோ மல்லாந்து, கால்களைப் பரப்பிக்கொண்டு கிடப்பாள். மல்லாந்து பரப்பிக்கொண்டிருந்தால் உயிர் உண்டு. தொடாதீர்கள், ஊதாதீர்கள், குச்சியால் குத்திப் பார்க்காதீர்கள். மெத்தென்ற அந்த உடம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் ரத்தம் வடிந்து இறந்துவிடும்.

சில சமயம் மரத்தடியிலோ வீட்டு இறப்பிலோ முழுச் சிலந்தி ஒன்று அசையாமல் இருக்கும். தொட்டால் காற்று போல லேசு. முதுகில் மூடி திறந்திருக்கும். அது அவள் கழற்றிப் போட்ட சட்டை. தெரிந்தவர்கள் அதை வீசி எறிவதில்லை. உட்புறத்தைப் பூதக் கண்ணாடியில் பார்த்தே, கழற்றியது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார்கள்.

பெண்ணுக்கு ஆயுள் கெட்டி

ஆணா பெண்ணா என்பது இங்கே பெரிய விஷயம். ஆண் சிலந்தி பருவம் வந்ததும் கடைசிச் சட்டையைப் போட்டுக்கொள்கிறது. அதன்பின் பொந்தை விட்டுப் பெண்ணைத் தேடி நடக்க ஆரம்பிக்கும். ஆகாரத்தில் கவனம் இராது. சில மாதங்கள், மிஞ்சினால் ஒன்றிரண்டு ஆண்டுகள்; கதை முடிந்தது. வழி தவறி வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் இப்படிப்பட்ட தேசாந்தரிதான்.

பெண் அப்படியல்ல. குஞ்சாக இருக்கையில் அடிக்கடியும், வளர்ந்தபின் ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறையும் சட்டை மாற்றிக்கொண்டே போவாள். நம் மரச் சிலந்தி பத்து ஆண்டுக்கு மேல் இருப்பாள். வேறு சில வகைகள் இருபதையும் தாண்டும். முட்டைகளைப் பட்டுப் பையில் சுருட்டி, பொந்திலேயே காவல் இருப்பாள். பொரிந்த குஞ்சுகள் உடனே சிதறி ஓடாமல் தாயோடு ஒரே பொந்தில் கொஞ்ச காலம் கூட்டுக் குடித்தனம் நடத்துவது நம் பூசிலோத்தேரியாக்களின் தனி வழக்கம். சிலந்திக் குலத்தில் இது அபூர்வம்.

இந்தக் குலத்துக்கு உறவான ஒரு சிலந்தியின் சரித்திரம் உலகப் பிரசித்தம். மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்ற பெண் விஞ்ஞானி 1974-ல் ஒரு வளைக்குப் பக்கத்தில் பதினாறு என்று எண் குறித்து வைத்தார். குஞ்சுச் சிலந்தி ஒன்று அப்போதுதான் அங்கே குடியேறியிருந்தது. ஆண்டு தவறாமல் போய்ப் பார்த்துவந்தார். கடைசியாக 2016-ல் வளை காலியாக இருந்தது. பதினாறாம் எண்ணுக்கு அப்போது வயது 43! அத்தனை ஆண்டும் அவள் அதே வளையில் இருந்தாள். பார்க்கப் போனவரும் வளையைத் தோண்டாமல், வெளியே எடுக்காமல், பார்த்துவிட்டு மட்டும் வந்தார். அதனால்தான் நமக்கு அந்தக் கணக்குக் கிடைத்தது.

வளர்க்கலாமா?

'நம் குற்றாலத்திலிருந்து ஒன்றைப் பிடித்து வந்து ஜாடியில் வைத்தால் என்ன?' என்று வீட்டில் உள்ள பையன்கள் கேட்கக்கூடும். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அமெரிக்கச் சிலந்திகள் சிலவற்றுக்குத் தற்காப்பு, பின்காலால் தட்டிப் பறக்கவிடும் அரிப்பு ரோமம். நம் பக்கத்துச் சிலந்திக்கு அது கிடையாது, பல்தான் ஆயுதம். அது கடித்து யாரும் இறந்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவு இல்லை என்றாலும், கடுமையான வலியும், நாட்கணக்கில் தசைப் பிடிப்பும் உண்டாகும். கடித்துவிட்டால் மந்திரிக்கிறேன், சுண்ணாம்பு தடவுகிறேன் என்று காலம் கடத்தாமல், சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போவதே புத்திசாலித்தனம்.

சட்டமும் உண்டு. வெளிநாடுகளில் ஆசையாக வளர்ப்பவர்கள் பெருகப் பெருக, நம் காட்டுச் சிலந்திக்கு விலை ஏறிற்று. விலை ஏறினால் களவும் கூடவே வரும். 2018-ல் இலங்கையின் ஐந்து வகைகளுக்கு அமெரிக்கா தன் சட்டத்தில் பாதுகாப்புக் கொடுத்தது. 2019-ல் ஜெனீவாவில் கூடிய உலக மாநாட்டில், பூசிலோத்தேரியா முழுவதையும், அனுமதி இல்லாமல் தேசம் விட்டுத் தேசம் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியல் பிராணிகளை உயிரோடு வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று, நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-ல் வந்த திருத்தம் சொல்கிறது.

சட்டை மாற்றுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆவல் பிள்ளைகளுக்கு இருந்தால் பட்டணத்து வீட்டிலேயே வழி உண்டு. குளியலறைச் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் நீண்ட கால் சிலந்தியைக் காட்டுங்கள். டாரன்டுலாவுக்குத் தூரத்து உறவு, நமக்குக் கெடுதல் செய்யாதது, கரப்பானைத் தின்பது. பெண்ணாக இருந்தால் வயிற்றடியில் ரூபாய் நாணயம் போல் வட்டமான வெள்ளை முட்டைப் பையைச் சுமந்துகொண்டிருக்கும். நூலில் தலைகீழாகத் தொங்கிச் சட்டையை உரிக்கும். பூட்ட ஜாடியும் வேண்டாம், தீனியும் வேண்டாம்.

வீட்டுக்குள் வந்துவிட்டால்

இலங்கையின் வடக்கே 2009-ல் ஒரு சம்பவம் நடந்தது. கிராமத்தார் கொன்ற பெரிய சிலந்தி ஒன்றை ஆராய்ச்சியாளர்களிடம் கொண்டுவந்து காட்டினார்கள். அதுவரை யாரும் அறியாத புது வகை அது! தேடிப் போனவர்களுக்கு, மாங்குளத்தில் ஒரு பழைய ஆஸ்பத்திரியின் டாக்டர் விடுதியில் அந்த வகை கிடைத்தது. தேடலுக்குத் துணை வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவரின் பெயரை அதற்கு வைத்து, 2012-ல் அறிவித்தார்கள். மரத்தில் வாழ்கிறவள் கட்டடத்துக்கு ஏன் வந்தாள்? பொந்துள்ள பழைய மரங்கள் குறைந்துபோனதுதான் காரணம் என்றார்கள்.

தென்காசிப் பக்கத்துத் தோப்பு வீட்டிலோ, குற்றாலத்து விடுதியிலோ இந்த ரோமக்காரி எதிர்ப்பட்டால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். குழந்தைகளை அப்பால் அனுப்புங்கள். கையால் தொடாதீர்கள், விரட்டாதீர்கள், மின்னலாக ஓடும். அகலமான ஒரு பாத்திரத்தை அல்லது வாளியை மெள்ள மேலே கவிழுங்கள். அடியில் கெட்டியான அட்டையைச் செருகுங்கள். அப்படியே தூக்கிப் போய், வீட்டுக்குத் தள்ளி உள்ள பழைய மா மரத்தடியிலோ புளிய மரத்தடியிலோ சாய்த்து விட்டுவிடுங்கள். தைரியம் இல்லையென்றால் வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். மல்லாந்து கிடந்தால் அந்த இடத்தை ஒரு கூடையால் மூடி, எறும்பு அண்டாமல் பார்த்துக்கொண்டு, ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். புதுச் சட்டை உலரட்டும்; பிறகு வழியனுப்பலாம்.

தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொந்து விழுந்த கிழட்டு மரம் காய்ப்பில்லை என்று வெட்டச் சொல்வதற்குமுன், இருட்டியபின் ஒரு முறை டார்ச் விளக்குடன் போய்ச் சற்று எட்ட நின்று பாருங்கள். பொந்தின் வாசலில் வெள்ளைப் பட்டுத் திரை தெரிந்தால், அந்த மரத்தில் உங்களுக்குப் பழைய குடித்தனக்காரி ஒருத்தி இருக்கிறாள். வாடகை தருவதில்லை, ஆனால் இரவு தோறும் பூச்சிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு மரத்தை மட்டுமாவது நிற்க விடுங்கள்.